இளவரசர் உட்கார்ந்து பார்த்தார்

சிங்கத்தின் தலை கையோடு வந்துவிட்டது.

இளவரசர் ஏவால்ட் சற்று நேரம் அதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய, தங்கப்பூச்சு பூசிய மரத்தலை. அது வாயைத் திறந்து உறுமியபடி அவருடைய உள்ளங்கையில் கிடந்தது. சிம்மாசனத்தின் வலது கைப்பிடியில், பரம்பரை பரம்பரையாக அது உட்கார்ந்திருந்த இடத்தில், இப்போது கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நாடாளுமன்றத் தொடக்க விழா. அவருடைய அம்மா, வெஸ்டர்ஹோல்ம் தீவு ராஜ்யத்தின் மகாராணி தோரா, ஒவ்வொரு வருஷமும் அந்தச் சிங்கத்தின் தலைமேல் கையை வைத்துக்கொண்டுதான் உரையை வாசிப்பார். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. இளவரசருக்கு அறுபத்தெட்டு.

அவர் சிம்மாசன மண்டபத்துக்குப் போனது ஒத்திகைக்கு. விழாவில் அவருக்கென்று சிம்மாசனத்துக்கு இடதுபக்கம் ஓர் இடம் உண்டு. எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் பித்தளை ஆணி அடித்திருந்தார்கள். பதினெட்டு வயதிலிருந்து அந்த ஆணிமேல் நிற்கிறார். இந்த வருஷம் முழங்கால் மிகவும் வலித்தது. மண்டபத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் நாற்காலி என்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது கைப்பிடியை அழுத்தினார். அவ்வளவுதான்.

பிறந்த நாள் முதல் அவர் பட்டத்து இளவரசர். பத்திரிகைகள் அவரை "அடுத்தவர்" என்றே எழுதும். அவர் ராஜாவானதும் வெளியிட, அவர் படம் போட்ட தபால்தலை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே தயாராகிவிட்டது. அதில் அவருக்குத் தலைநிறைய முடி. வழுக்கை விழுந்தபிறகு ஒருமுறை மாற்றி வரைந்தார்கள், மூக்குக்கண்ணாடி வந்தபிறகு இன்னொரு முறை. பாலம் திறப்பது, மீன் தொழிற்சாலை திறப்பது, ஆப்பிள் திருவிழாவுக்கு ரிப்பன் வெட்டுவது என்று காலம் ஓடிவிட்டது. ரிப்பன் வெட்டுவதற்குச் சொந்தமாகவே ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றி வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்திருக்கிறார். இருபத்தொன்பது வயதில், ஒரு விருந்தில், கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு, அம்மா ஓய்வெடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். அடுத்த வாரமே ராஜ்யத்தின் வடக்குக் கடலில் உள்ள கலங்கரை விளக்கங்களையெல்லாம் மேற்பார்வை பார்க்கச் சொல்லி அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு "நாற்காலி" என்ற சொல்லையே அவர் அம்மா எதிரில் உச்சரித்ததில்லை. சாப்பாட்டு மேஜையில்கூட "அந்த இருக்கை" என்றுதான் சொல்வார்.

இப்போது சிங்கத்தைக் கழுத்தில் பொருத்திப் பார்த்தார். நின்றது. மூச்சு விட்டார். விழுந்தது.

தன் பணியாள் ப்ரூனைக் கூப்பிட்டார். ப்ரூனும் எழுபதைத் தொட்டவர். அவருடைய அப்பா பழைய ராஜாவுக்குப் பணியாளாக இருந்தவர். தானும் ஒருநாள் ராஜாவின் பணியாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் நாற்பது வருஷமாக ஏவால்டின் காலணிகளைத் துடைத்துவருகிறவர்.

"ஒட்டுற பசை ஏதாவது இருக்கா ப்ரூன்?"

"என்னத்த ஒட்டணும் ஐயா?"

"கேக்காதே."

ப்ரூன் கேட்கவில்லை. சிம்மாசனத்தைப் பார்த்தார். இளவரசரின் கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உக்காந்தீங்களா?" என்றார்.

"முட்டி வலிச்சுது."

"எப்படி ஐயா இருந்துச்சு?"

ஏவால்ட் யோசித்தார். "சில்லுனு இருந்துச்சு. கொஞ்சம் உயரம்."

ப்ரூன் அதை மனதில் பதித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினார். பசை தேடி நேரம் போக்க முடியாது என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். அவர் தன் பல்செட்டை ஒட்ட வைத்திருந்தது. கறுப்பு ரொட்டியைக் கடித்தாலும் அசையாது என்று உத்தரவாதம் கொடுத்தார்.

கழுத்தில் பசையைப் பிதுக்கி முடிப்பதற்குள் நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏவால்ட் பதறிப்போய்த் தலையை அழுத்தி வைத்தார். பசை உடனே பிடித்துக்கொண்டது. ப்ரூன் சொன்னது உண்மைதான். ஆனால் சிங்கம் சபையைப் பார்க்கவில்லை, சிம்மாசனத்தில் உட்காருகிறவரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

இளவரசர் அதைத் திருப்பினார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பினார். சிங்கத்தின் ஒரு காது உடைந்து, பொடிப்பொடியாக மரத்தூள் அவர் காலடியில் உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அரண்மனை நிர்வாகி ஹோல்ஸ்ட் உள்ளே வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். தரையில் கிடந்த தூளைப் பார்த்தார். இளவரசரைப் பார்த்தார்.

ஏவால்டுக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "பூச்சி" என்றார்.

"பூச்சியா, இளவரசே?"

"மரத்துல பூச்சி அரிச்சிருக்கும்போல. இப்பதான் கவனிச்சேன். துணி போட்டு மூடி வையுங்க, யாரும் தொட வேண்டாம். விழாவுக்கு வேற நாற்காலி ஏதாவது..."

சொல்லி முடிப்பதற்குள் ஹோல்ஸ்டின் முகம் வெளுத்துவிட்டது. பூச்சி என்றால் மண்டபம் முழுக்கப் பரவும், ஓவியங்களுக்குப் பரவும், கூரைக்குப் பரவும் என்று சொல்லி, மூடி வைப்பதெல்லாம் போதாது, உடனே வெளியே எடுத்துப் புகைபோட வேண்டும் என்றார். வேண்டாம் என்று இளவரசர் சொன்னதை, தன் பொறுப்பில் விட்டுவிடச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேர் வந்தார்கள். சிம்மாசனத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து ஒரு பலகையில் படுக்க வைத்து, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஆளுக்கொரு மூலையைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முற்றத்தைத் தாண்டித் தச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே லேசாக மழை. ராஜ்யத்தின் சின்னத்துக்குப் பின்னால் தொப்பியோடு நடப்பது முறையல்ல என்று ஹோல்ஸ்ட் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, மழையில் மெல்லப் பின்னால் நடந்தார்.

மறுநாள் விழாவுக்காக அரண்மனை வாசலில் ஏற்கனவே பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்தார்கள். கம்பிக் கதவு வழியாக எல்லோரும் அதைப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள்.

மத்தியான வானொலியில் அரண்மனை மௌனம் சாதிப்பதாகச் சொன்னார்கள். துறைமுகத்தில் மீன்கடைக்காரர்கள் பாதிக் கடையை மூடிவிட்டார்களாம். ஏதோ ஒரு படகில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியதைப் பார்த்து மற்றப் படகுகளும் இறக்கிவிட்டனவாம். ஏவால்ட் தன் பகுதிக்குத் திரும்பியபோது, கூடம் முழுக்க வெள்ளைப் பூக்கள் வந்து குவிந்திருந்தன. நடுவில் அவர் மனைவி அனெலிஸ் கையில் தொலைபேசியோடு நின்றார்.

"பக்கத்து நாட்டு அரண்மனையிலேர்ந்து போன். ஆழ்ந்த அனுதாபத்தத் தெரிவிச்சுக்கிறாங்களாம். நன்றின்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னே?"

"பின்ன என்ன சொல்றது? யாரு செத்ததுன்னு நான் கேக்கறது மரியாதையா?" அனெலிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன செஞ்சீங்க? முகத்த மறைக்காதீங்க. ஏதோ செஞ்சிருக்கீங்க."

அவர் சொன்னார். அனெலிஸ் முதலில் சிரித்தார். பிறகு, சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேல்மாடியில் கிழவி வானொலியைப் போட்டால் தன் சாவுச் செய்தியைத் தானே கேட்பாள், உடனே போய் வாசலில் இருக்கிறவர்களிடம் ஏதாவது சொல்லி அடக்குங்கள் என்றார். குறைச்சலாகப் பேசுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஏவால்ட் குடைகூட இல்லாமல் வாசலுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் பத்திரிகைக்காரர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். அது அவரை இன்னும் கலக்கியது. மகாராணி பூரண சுகத்துடன் இருக்கிறார், காலையில் ஏலக்காய் ரொட்டி இரண்டு சாப்பிட்டார், சிம்மாசனத்தில் சின்னப் பழுது, அவ்வளவுதான் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அத்தோடு திரும்பியிருக்கலாம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் நிருபர், இத்தனை வருஷமாக இல்லாத அவசரமாக இப்போது யாருக்காகப் பழுதுபார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

"யாரு உக்காரப் போறாங்களோ அவங்களுக்காகத்தான்" என்றார் இளவரசர்.

அம்மாவைத்தான் சொன்னார். ஆனால் வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே விளங்கிற்று. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பாதிப்பேர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவர் உள்ளே போய்ச் சேருவதற்குள், "உட்காரப் போகிறவருக்காகத் தயாராகிறது சிம்மாசனம்" என்று அவருடைய வழுக்கைத்தலைப் படத்தோடு செய்தி வந்துவிட்டது.

ப்ரூன் மாடிப்படிக்குக் கீழே காத்திருந்தார்.

"மகாராணி கூப்பிடுறாங்க ஐயா. நாலு மணிக்குக் காபிக்கு. தனியா."

"அனெலிஸும் வரட்டும்னு சொன்னாங்களா?"

"தனியான்னு ரெண்டு தடவ சொன்னாங்க."

தனியாகக் கூப்பிட்டது இதற்கு முன்னால் ஒரே தடவைதான். அது கலங்கரை விளக்கங்களுக்கு முந்தின நாள். ஏவால்ட் உடை மாற்றும்போது சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டார். ப்ரூன் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டார். கடல் பயணத்துக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டார்.

மேல்மாடியில் மகாராணி ஜன்னலோரம் உட்கார்ந்து, தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அந்த அறை ஏவால்டுக்கு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சுவரில் அங்கங்கே வெளிறிய சதுரங்கள் இருந்தன. பயத்தில் கண் இப்படித்தான் எதையாவது காட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"உக்காருடா."

"நிக்கறேன் அம்மா."

"உக்காருன்னா உக்காரு. கழுத்து வலிக்குது எனக்கு."

அவர் நாற்காலியின் விளிம்பில், கைப்பிடி எதையும் தொடாமல் உட்கார்ந்தார். மகாராணி ஒரு சீட்டை எடுத்துவைத்தார்.

"சிம்மாசனத்த வெளிய எடுத்துட்டியாமே."

"பூச்சி அம்மா..."

"கேட்டேன். ஹோல்ஸ்ட் பின்னால நடந்து போற படத்தையும் பாத்தேன். பரவாயில்ல, நான் நெனச்சதவிட மரியாதையாத்தான் கொண்டுபோறான்." இன்னொரு சீட்டு. "உக்காரப் போறவங்களுக்காகன்னு நீ சொன்னதையும் வாசிச்சுக் காட்டினாங்க."

ஏவால்ட் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மகாராணி கையை உயர்த்தி நிறுத்தினார். சீட்டுகளை விட்டுவிட்டு முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுப் பதில் சொல்லு. அந்த நாற்காலிமேல உனக்கு ஆசை இருக்கா?"

"இல்ல."

"யோசிச்சுன்னேன்."

"இல்லவே இல்ல அம்மா."

"ஒரு நாள்கூட இருந்ததில்லையா?"

"ஒரு நாள்கூட."

பொய். குளிக்கும் அறையில் ஆவி படிந்த கண்ணாடியில் "ராஜா ஏவால்ட்" என்று கையெழுத்துப் போட்டுப் பார்க்காத நாளே அவர் வாழ்க்கையில் குறைவு. அழிக்க மறந்துவிட்டு அனெலிஸிடம் மாட்டிக்கொண்டும் இருக்கிறார்.

"இப்பவே நான் எழுந்து, வாடா வந்து உக்காருன்னு சொன்னா?"

இது பொறி என்று அவருக்கு உடனே புரிந்தது. மாட்டேன் என்றுதான் சொல்வேன் என்றார். ஆப்பிள் தோட்டம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், முழங்கால் வேறு இருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு யார் அதில் போய் உட்காருவார்கள் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். "அதுவும் அது எனக்கு ரொம்ப உயரம் அம்மா" என்றும் சொல்லிவிட்டார்.

மகாராணியின் புருவம் உயர்ந்தது. "உயரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஜன்னலுக்கு வெளியே கடற்பறவை ஒன்று கத்திவிட்டுப் போனது. ஏவால்டுக்கு இனி ஒளிக்க எதுவும் மிச்சமில்லை. உட்கார்ந்ததைச் சொன்னார். தலையைச் சொன்னார். பல்செட்டுப் பசையை, காதை, எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்த பையனைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தார். மகாராணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அது எனக்குப் பட்டம் கட்டின அன்னைக்கே என் கையோட வந்துடுச்சுடா. அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க. உள்ளங்கையில மறைச்சுக்கிட்டே பிரமாணம் எடுத்தேன். எங்கப்பா காலத்துலயே மெழுகு வெச்சுத்தான் ஒட்டியிருந்துச்சு. வருஷா வருஷம் நான் அதுமேல கைய வெக்கிறது எதுக்குன்னு நெனச்சே? விழாம புடிச்சுக்கத்தான்."

ஏவால்டின் உடம்பிலிருந்து அன்றைக்கு முழுவதும் ஏறியிருந்த பாரம் இறங்கிற்று. கலங்கரை விளக்கம் இல்லை. கப்பல் இல்லை. அம்மா சிரிக்கிறார். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அம்மா தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மகாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மிகவும் களைத்துத் தெரிந்தது.

"கடைசியாக் கேக்கறேன் ஏவால்ட். நான் உன்னக் காக்க வெச்சிட்டேனோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். வாய விட்டுச் சொல்லு. வேணுமா, வேண்டாமா?"

பயத்தில் சொன்ன பொய்யை இப்போது பாசத்தில் சொன்னார் இளவரசர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருந்தேன் என்று யார் சொன்னது, நான் காத்திருக்கவே இல்லை, நன்றாக வாழ்ந்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அதை அவரே நம்பவும் செய்தார்.

"நீங்க நூறு வயசு வரைக்கும் அதுல உக்காருங்க. அதுக்கு மேலயும் உக்காருங்க. எனக்கு வேண்டவே வேண்டாம்."

மகாராணி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அது நிம்மதி என்று ஏவால்ட் எடுத்துக்கொண்டார்.

"சரி. அப்ப நானே பாத்துக்கறேன்" என்றார் மகாராணி. "காது உடைஞ்ச சிங்கத்த நாளைக்குள்ள ஒட்டி வெக்கச் சொல்லு. சபையப் பாத்து ஒட்டச் சொல்லு." பிறகு பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். இளவரசர் குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தார்.

முழங்கால் வலியே தெரியவில்லை. தாழ்வாரத்தில் அவர் விசிலடித்துக்கொண்டு நடந்தார். அனெலிஸிடம் சொல்ல வேண்டும், ப்ரூனிடம் கம்பளிச் சட்டையைத் திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும், படகுகளில் கொடியை ஏற்றச் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிறவர்களிடம் இன்றைக்கு மட்டும் எதையும் சொல்ல வேண்டாம்.

பின்பக்கப் படிக்கட்டில், மகாராணியின் தாதி கெர்டா ஒரு பெரிய பெட்டியை ஒவ்வொரு படியாக மேலே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால், கீழ்வாசல் வரைக்கும், கயிறு கட்டிய பெட்டிகளும் துணி சுற்றிய படச்சட்டங்களும் வரிசையாக நின்றன. முப்பது வருஷமாக மகாராணியிடம் இருப்பவள், இளவரசரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். அவள் முகம் சிவந்து வியர்த்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்த இளவரசர் ஓடிப்போய்ப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மழைநாளில் இத்தனையையும் எங்கிருந்து ஏற்றுகிறாய் என்று கேட்டார்.

கெர்டா பெட்டியைப் படியில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தாள்.

"எங்கேருந்தும் இல்ல ஐயா, இங்கேருந்து எறக்கினதத்தான் ஏத்தறேன். நாளைக்கு சபையில உங்களுக்குப் பட்டத்தக் குடுத்துட்டுக் கடற்கரை வீட்டுக்குப் போறோம்னு மூணு வாரமா ரகசியமாக் கட்ட வெச்சாங்க, இப்ப போன் பண்ணி எல்லாத்தையும் பிரிங்கறாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"